என் முதுகின் இடப்பக்கம்

நாத்தனாரின் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் இரண்டாவது தடவையும் சரிவரவில்லை. இடது தோளில் துணி மடிந்து தொங்கியது. வலப்பக்கம் அக்குளுக்குப் பின்னால் தையல் இழுத்துக்கொண்டு நின்றது. உக்குவளைச் சந்திக்குப் பக்கத்தில் தைக்கும் பெண்ணுக்கு என் அளவு பல வருடமாக மனப்பாடம். அவள் என்னைத் திருப்பி நிறுத்தி, நாடாவை முள்ளந்தண்டிலிருந்து வலப்பக்கமாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு இடப்பக்கமாக. பிறகு மறுபடியும் வலப்பக்கமாக.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க முதுகு ரெண்டு பக்கமும் ஒரே அளவு இல்லீங்க. வலப்பக்கம் கூட இருக்கு.”

“முன்னாடியும் அப்படித்தானா?”

“இல்லீங்களே. நீங்க என்னமோ வெயிட் தூக்கப் போறீங்கன்னு சொன்னாங்க, அதனால இருக்குமோ?”

அவள் தையலைப் பிரித்து வலப்பக்கம் துணி விட்டுக் கொடுத்தாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் முதுகை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஆனால் எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. என் உடம்பில் இவ்வளவு பெரிய இடம் இருக்கிறது, அது எப்படி இருக்கிறதென்று எனக்கே தெரியாது, தையற்காரப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். பார்ப்பதற்காகக் கழுத்தைத் திருப்பினால் தோள் திரும்புகிறது. தோள் திரும்பினால் நான் பார்க்க நினைத்த முதுகு அங்கே இல்லை, முறுக்கிய முதுகு ஒன்றுதான் தெரிகிறது. தபால் கந்தோரில் வேலை முடிந்து வந்த கணவர் என்னைப் பார்த்துவிட்டு, “என்னா, கழுத்து பிடிச்சிருச்சா?” என்றார்.

விஷயத்தைச் சொல்லி, ஃபோனில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். எடுத்தார். அவரே பெரிதாக்கியும் பார்த்தார்.

“ஆமா, கொஞ்சம் வித்தியாசம் இருக்குதான். போர்டுல எழுதுற கை அந்தக் கைதானே. அதான்.”

“இருபது வருசமா எழுதுறேனே. இப்பதான் வீங்குமா?”

அவர் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தார்.

நான் பாரம் தூக்கப் போனதே இடுப்பு வலியால்தான். நாள் முழுக்க நின்று கணிதம் கற்பித்துவிட்டு வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியாது. மருந்து கொடுத்த டொக்டர், முதுகுத் தசைகளைப் பலப்படுத்தாமல் மாத்திரை மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை என்றார். மாத்தளை டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் ஜிம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்துப் போனால் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்துக்குச் சரியாக இருக்கும். வலி போன பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. போன மாதம் அசைக்க முடியாத பாரம் இந்த மாதம் தரையை விட்டுக் கிளம்பும்போது வரும் ஆச்சரியம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வருடத்துக்குள் நன்றாகத் தூக்குகிறேன் என்ற எண்ணமும் வந்துவிட்டது. அந்த எண்ணத்தின் மேல்தான் தையற்காரப் பெண் நாடாவை வைத்தாள்.

அந்த ஜிம்மில் பெண்கள் நேரத்தில் ஃபோனை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் முஸ்லிம் பெண்கள். அபாயாவையும் தலைத்துணியையும் கழற்றி வைத்துவிட்டு வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்கிற இடத்தில் கமரா இருக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மறுபேச்சில்லை. அதனால் நான் தூக்கும்போது என் முதுகு என்ன செய்கிறதென்று படம் பிடித்துப் பார்க்கவும் வழியில்லை. வேறொருவரின் கண்தான் வேண்டும்.

கண் இருந்தது. என்னோடு சேர்ந்து பயிற்சி செய்தவள் டவுனிலேயே குடியிருப்பவள், ஓடருக்குக் கேக் செய்து கொடுப்பவள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள், பலத்தில் கூடியவள். எதற்காக ஜிம்முக்கு வருகிறாய் என்று யாராவது கேட்டால், “எவ்வளவு தூக்கேலும்னு பாக்கத்தான்” என்பாள். அதற்கு மேல் அவளுக்குக் காரணம் தேவைப்படவில்லை. ஆரம்பத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் கண் மலர்ந்தது. “நில்லுங்க டீச்சர், நில்லுங்க. சும்மா பாத்தா தெரியாது. அடையாளம் வெக்கணும்.”

என் கைப்பையில் போர்டில் எழுதும் வெண்கட்டித் துண்டு எப்போதும் கிடக்கும். நான் போட்டிருந்தது கறுப்பு டீஷேர்ட். அவள் என் தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனையை விரலால் தேடிப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்தாள். நடுவில் முள்ளந்தண்டின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

“இப்ப இழுங்க.”

இடுப்பை மடித்து முன்னால் குனிந்து, கைகளில் தொங்குகிற பாரை, பாரம் மாட்டிய இரும்புத் தண்டை, வயிற்றை நோக்கி இழுக்கும் பயிற்சி அது. ரோ என்பார்கள். சரியாகச் செய்தால் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் பின்னால் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். நான் இழுத்தேன். அவள் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

“வலப்பக்கப் புள்ளி கோட்டுக்கிட்ட வருது. எடப்பக்கப் புள்ளி சும்மா ஈக்கி.”

“சும்மான்னா? அசையவே இல்லையா?”

“அசையுது. மேல எழும்புது. ஆனா கோட்டுக்கிட்ட வரல்ல. கல்யாணத்துக்கு வந்துட்டு வாசல்லயே நிக்கிற ஆள் மாதிரி.”

எனக்குச் சிரிப்பு வந்து பாரைக் கீழே வைத்துவிட்டேன். சத்தம் கேட்டுப் பயிற்சி கொடுக்கும் அக்கா வந்தார். அவர் சிங்களப் பெண், பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து ஆடியவர். எங்களிடம் சிங்களத்தில்தான் பேசுவார். அவசரத்துக்கு மட்டும் “நேரா, நேரா!” என்று தமிழில் கத்துவார். புள்ளிகளைப் பார்த்து, ஏன் வெண்கட்டி என்று கேட்டு, கதையைத் தெரிந்துகொண்டு, தானும் குந்தி உட்கார்ந்தார்.

“பலமான பக்கம் வேலையை எடுத்துக்கொள்கிறது” என்றார். “இரண்டு கையும் ஒரே பாரில் இருந்தால் யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று பாருக்குத் தெரியாது. கொஞ்ச நாள் பாரை விடுங்கள். ஒவ்வொரு கைக்கும் தனி டம்பெல். முதலில் இடது கை. இடது எங்கே களைக்கிறதோ அங்கேயே வலதும் நிற்க வேண்டும், முடியும் என்றாலும்.”

பாரத்தையும் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார். புதிதாக வரும் பிள்ளைகள் எடுக்கும் சின்ன டம்பெல் எனக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போகும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சின்னப் பாரத்தையே இடது கையால் ஒழுங்காக இழுக்க எனக்குத் தெரியவில்லை என்பது முதல் நாளே விளங்கிவிட்டது. புயம் மட்டும் வலித்தது. முதுகில் ஒன்றுமே உறைக்கவில்லை.

“கையால் இழுக்காதீர்கள் டீச்சர்” என்றார் அக்கா. “கை வெறும் கொக்கி. முழங்கையை இடுப்புப் பொக்கெட்டுக்கு அனுப்புங்கள். மேலே வந்ததும் ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். இறக்கும்போது அவசரப்படாதீர்கள்.”

தோழி என் இடது விலாவுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். “இந்த எடத்தால இழுங்க.” விரல் இருந்த இடத்தை நினைத்துக்கொண்டு இழுத்தேன். அப்போதுதான் அக்குளுக்குக் கீழே, பின்பக்கமாக, ஏதோ ஒன்று மெல்லச் சுருங்குவதை உணர்ந்தேன். நாற்பத்திரண்டு வயதில் என் உடம்பில் புதிதாக ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருந்தேன். மறுநாள் காலையில் அந்த இடம் மட்டும் வலித்தது. வகுப்பில் நின்றுகொண்டு அந்த வலியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே இடம் வலமாகத்தான் தெரிந்தது. பஸ்ஸில் கம்பியை எந்தக் கையால் பிடிக்கிறேன், சோற்றுச் சட்டியை எந்தக் கையால் இறக்குகிறேன், வாளியை எந்தப் பக்கம் தூக்குகிறேன் என்று கவனித்தேன். அநேகமாக எல்லாம் வலது. ஒரு நாள் கரும்பலகையில் இடது கையால் எழுதிப் பார்த்தேன். சமன்பாடு மேடேறி இறங்கியது. தரம் ஆறு பிள்ளைகள் அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

அந்த வாரம் அவர்களுக்குச் சமச்சீர் பாடம். ஒரு வடிவத்தை நடுவால் மடித்தால் ஒரு பாதி மறுபாதியின் மேல் சரியாகப் படிய வேண்டும். ஆளுக்கொரு இலை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொக்கோ இலை, மிளகு இலை, பலா இலை என்று வந்து குவிந்தது. நடு நரம்பால் மடித்துப் பார்த்தோம். சரியாகப் படிகிறது என்று சொல்லத்தான் அந்தப் பாடத்தை நான் எப்போதும் எடுத்து வந்திருக்கிறேன். அன்றைக்கு முதன்முறையாக நானும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் ஒரு பக்கம் கொஞ்சம் அகலம். ஒன்றில் நரம்புகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை.

“மிஸ், என்னோடது பழுது. வேற எடுத்துக்கிட்டு வரவா?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

“பழுதில்ல. எவ்வளவு வித்தியாசம்னு அளந்து எழுது” என்றேன். வகுப்பு முழுவதும் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு இலையை அளந்தது. பாடத்திட்டத்தில் அது இல்லை. ஆனால் மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

சில மாதங்களில் டம்பெல்லில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்துவிட்டது. தோழி புள்ளி வைத்துப் பார்த்து, “மாஷா அல்லாஹ், எடது உள்ள வந்துட்டுது” என்றாள். அக்கா பாருக்குத் திரும்பலாம் என்றார். ஆசையோடு போய்ப் பாரை இழுத்தேன். பின்னால் குந்தியிருந்தவளைக் கேட்டேன்.

“என்ன?”

“பழையபடிதான் டீச்சர். வாசல்லயே நிக்கிது.”

எனக்கு நம்ப முடியவில்லை. பாரத்தைக் குறைத்துப் பார்த்தோம். கைகளுக்கு நடுவே இருந்த தூரத்தை அளந்து சரி செய்தோம். பாதங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று தரையில் வெண்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தோம். அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். தனித்தனியாகக் கேட்டால் சரியான விடை சொல்கிற இரண்டு பிள்ளைகள், ஒன்றாக உட்கார வைத்தால் தப்பாகச் சொல்வது போல இருந்தது. எங்கேயோ ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதுகிறார். யாரென்றுதான் பிடிபடவில்லை.

ஒரு நாள் பின்னேரம் வானம் திடீரென்று இருண்டு பேய்மழை கொட்டியது. இடி விழுந்த சத்தத்தோடு கரண்ட் போனது. விசிறிகள் நின்றன. ஜன்னல்களைச் சாத்தியதில் உள்ளே ஆள் உருவம் மட்டும்தான் தெரிந்தது. மழையில் இறங்கிப் போகவும் முடியாது, சும்மா இருக்கவும் எங்களுக்கு முடியவில்லை. பாரில் ஏற்கெனவே பிளேட் மாட்டியிருந்தது.

“புள்ளி தெரியாதே” என்றேன்.

“கை ஈக்கிதானே.” அவள் பின்னால் வந்து இரண்டு உள்ளங்கைகளையும் என் தோள்பட்டை எலும்புகளின் மேல் வைத்தாள். “இழுங்க.”

இழுத்தேன். மறுபடி இழுத்தேன்.

“டீச்சர்! ரெண்டும் ஒண்ணா வருது!”

“பொய் சொல்லாதீங்க.”

“அல்லாஹ் மேல ஆணையா. என்ட கை ரெண்டும் கிட்ட கிட்ட வருது.”

பாரை வைத்துவிட்டு இருட்டில் நின்று இருவரும் யோசித்தோம். அதே பார், அதே பாரம், அதே நான். அரை மணித்தியாலத்துக்கு முன் வராத இடது பக்கம் இப்போது எப்படி வந்தது? அவள் கை பட்டதால் வந்திருக்கலாம் என்றேன். அப்படியென்றால் வெளிச்சம் வந்த பிறகும் கை வைத்துப் பார்க்கலாம் என்றாள். மழை அடங்கும் முன்பே கரண்ட் வந்தது. அவள் கையை எடுக்காமல் நிற்க, மறுபடி இழுத்தேன். இடது பக்கம் வரவில்லை.

அப்படியானால் கை காரணமில்லை. வெளிச்சம்தான் மாறியிருந்தது. வெளிச்சத்தில் தெரிவதும் இருட்டில் தெரியாததும் என்ன என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுற்றிப் பார்த்தோம். இடப்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி.

“நீங்க கண்ணாடியப் பாத்துக்கிட்டுத்தான் இழுக்கிறீங்க” என்றாள்.

“இல்ல. நான் முன்னாடிதான் பாக்குறேன்.”

“மூக்கு அங்கிட்டுத் திரும்புது டீச்சர். நான் காணுறேன்தானே.”

நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். முன்னால் பார்த்துக்கொண்டு இழுப்பதாகத்தான் என் நினைப்பு. வாக்குவாதம் எதற்கு என்று, உடைமாற்றும் அறையில் கழற்றி வைத்திருந்த என் பள்ளிக்கூடச் சாரியைக் கொண்டுவந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கண்ணாடியின் மேல் தொங்கவிட்டோம். ஊதா நிற வொயில் சாரி சுவரை மூடியது. புள்ளிகளைத் திருத்தி வைத்துவிட்டு அவள் குந்தினாள். நான் இழுத்தேன். இரண்டு புள்ளிகளும் கோட்டை நோக்கி வந்தன. சாரியை எடுத்தோம். இடது புள்ளி வாசலில் நின்றது. மூடினோம், வந்தது.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன்.

அக்கா வந்து, தன் கண்ணாடியில் யார் சாரி காயப் போட்டது என்று கேட்டார். செய்து காட்டினோம். அவருக்கும் சுவாரசியம் பிடித்துக்கொண்டது. குனிந்து நிற்கும்போது முகம் இடப்பக்கம் திரும்பினால் நெஞ்சும் கொஞ்சம் கூடவே திரும்பும் என்றார். இடது தோள் வேலை செய்யாமலே உயர்ந்துவிடும். தாழ்ந்து போன வலது பக்கம்தான் உண்மையாக இழுத்து மேலே வர வேண்டும். பெஞ்சில் டம்பெல் இழுக்கும்போது முகம் தரையைப் பார்ப்பதால் அங்கே அப்படி நடக்கவில்லை. “முதுகு வளையாமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள் என்று ஆரம்பத்தில் நான்தானே சொன்னேன்?” என்று தன் தலையில் தட்டிக்கொண்டார்.

பிறகு அன்றைக்கு வந்திருந்த எல்லோரும் வரிசையில் நின்றார்கள். தோழி ஒவ்வொருவருக்கும் புள்ளி வைத்தாள். எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. ஒருத்தி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இழுத்தும் இரண்டு பக்கமும் சரியாக வந்தது. இன்னொருத்திக்குச் சாரி மூடியும் வலது பக்கம் பிந்தியது, அவள் இடது கைப் பழக்கம் உள்ளவள். கண்ணாடி ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாமல் போனது. என் முதுகுக்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான். ஆனாலும் அக்கா மறு வாரம் பார் வைக்கும் இடத்தைத் திருப்பிப் போட்டு, வெறும் சுவரைப் பார்க்கும்படி செய்தார். தங்களைப் பார்க்க முடியவில்லையே என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கும் முதலில் ஏதோ துணையில்லாமல் தூக்குவது போலத்தான் இருந்தது.

அடுத்த சில மாதங்களில் கணவர் எடுத்த படங்களில் வித்தியாசம் குறைந்துகொண்டு வந்தது. முழுக்கப் போகவில்லை. வலது தோள்பட்டை இன்றைக்கும் ஒரு சொட்டு புடைத்து நிற்கிறது. “இவ்வளவுக்கு மேல தேடினா பூதக்கண்ணாடிதான் வேணும்” என்று அவர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இடுப்பு வலி திரும்பி வரவில்லை. பாரம், நான் குறைக்கும் முன் தூக்கியதைத் தாண்டிவிட்டது.

நோன்பு முடிந்து தோழி திரும்பி வந்த வாரத்தில், மேலே இருந்த கம்பியில் தொங்கி உடம்பை இழுத்து ஏறும் பயிற்சியை அக்கா எங்களுக்குத் தொடங்கினார். தாடை கம்பிக்கு மேலே போக வேண்டும். பல நாள் தொங்கி, பாதியில் நின்று, கடைசியில் ஒரு நாள் நான் ஏறிவிட்டேன். என்னைவிடப் பலசாலியான தோழி ஏறவில்லை. பாதி தூரத்தில் நின்று கால்களை உதறினாள்.

“ஏன் டீச்சர்? ஒங்களுக்கு ஏலும், எனக்கு ஏலாதா? பொறகால நின்டு பாருங்களேன்.”

அதுவரை அவள்தான் என் முதுகைப் பார்த்திருக்கிறாள், நான் அவள் முதுகைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பின்னால் போய் நின்றேன். அகன்ற, உறுதியான முதுகு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் அசைந்தது. ஆனால் ஏறத் தொடங்கும்போதே தோள்கள் இரண்டும் காதுவரை உயர்ந்துவிட்டன. முதுகுக்கு வேலை போகவே இல்லை. புயத்தோடு நின்றுவிட்டது.

“முதல்ல தோளைக் கீழ இறக்குங்க. கழுத்து நீளமா ஆகட்டும். அப்புறம் இழுங்க.”

அவள் தொங்கினாள். கழுத்து நீண்டது. தோள்பட்டை எலும்புகள் கீழே இறங்கின. முழங்கைகள் மடிந்தன. அவள் முகம் கம்பியைத் தாண்டி, சுவரின் உச்சியிலிருந்த காற்றுத் துவாரத்துக்கு நேராகப் போய் நின்றது.

“டீச்சர்! இங்கால மொட்டை மாடியில யாரோ புறா வளக்கிறாங்க!”

கத்திய வேகத்தில் கீழே வந்துவிட்டாள். அவள் ஏறிவிட்டதைச் சொல்லி நான் கை தட்டினேன். அவள் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

“வெள்ளை ஒண்ணு பாத்தேன். பக்கத்துல இன்னுமொரு கலர்ல ஈந்திச்சு. சரியாப் பாக்கக் கெடைக்கல்ல. பொறுங்க.”

கைகளைத் துடைத்துக்கொண்டு மறுபடி கம்பியைப் பிடித்தாள்.